‘டக்’ கேட்டால்தான் வண்டி நகரும்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழைய பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் நாலு பேர் உடனே போனைத் தூக்கி, "அது அப்படி இல்லப்பா, இப்படி" என்று எனக்கே என் கதையைச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு அவர் சார்ஜன். போக்குவரத்துப் போலீஸில் இருந்தார், எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். காரில் முன்னால் உட்காருகிறவர்கள் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் வந்தபிறகு, பெல்ட் சார்ஜன்.

ஆள் ஒல்லி. பேச்சு குறைவு. சாலையில் காரை நிறுத்தினால் லைசென்ஸ் கேட்கமாட்டார், எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார். ஜன்னல் வழியாகக் காதை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பார். கண்ணால் பார்க்கிற வேலையே கிடையாது, காதுதான். காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பெல்ட்டைத் தோளில் தாவணி மாதிரிப் போட்டுக்கொண்டு, கொக்கியைத் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, போலீஸைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவார்கள். அந்த வித்தையில் நானும் தேர்ந்தவன்தான்.

"டக்கு கேக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்பார். கொக்கி மாட்டுகிற அந்த ‘டக்’ கேட்கிறவரை ஜன்னலை விட்டு நகரமாட்டார். பின்னால் பத்து கார் ஹார்ன் அடித்தாலும் சரி.

ஆள் பார்த்து விடுகிற பழக்கமே அவரிடம் இல்லை. ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருமுனையில் இருந்தார். கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரையே ஒருநாள் நிறுத்திவிட்டார்.

"என்னை ஆரெண்டு தெரியேல்லையோ உமக்கு?"

"தெரியுதுங்க ஐயா. டக்குதான் கேக்கல."

சம்மன் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வருஷத் திருவிழாவில் தேர் வரும்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆட்கள் பட்டியலில் சார்ஜன் பெயர் இல்லை. தேர் வந்த அன்றைக்கு எல்லாரையும் போலத் தேங்காய்த் தட்டோடு வரிசையில் நின்றார். சொந்தத் தங்கை புருஷனுக்கும் சம்மன் எழுதினார், அவன் ஒரு தீபாவளிக்கு இவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. "மனுசனா இவன், மெஷினா?" என்று தெருவே கேட்டது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது, வாய் கொஞ்சம் நீளம். கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜப்பான் கார் வாங்கியிருந்தேன். அதில் பெல்ட்டே இல்லை, சட்டத்துக்காக ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் வேறு. "என் கார், என் நெஞ்சு, என் உயிர். நடுவுல அரசாங்கம் எதுக்கு வாரைப் போட்டுக் கட்டுது?" என்று கேட்டுத் தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘சுதந்திரப் பிரியன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். போட்டுவிட்டார்கள்! தேத்தண்ணிக் கடையில் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன், வெட்கமில்லாமல்.

அதற்குப் பிறகு என்னைக் கண்டால் சார்ஜன் காதை நீட்டுவதற்கு முன்னால், "சுதந்திரப் பிரியன் சார், டக்கு?" என்பார். சிரிக்காமல் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி கமலாதான் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கு அவர் மேல் பிரியம். அண்ணே அண்ணே என்று உயிரை விடுவாள். அவருக்கும் அவள் தங்கச்சிதான்.

ஒருநாள் சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவரை மடக்கினேன்.

"சிகரெட் குடிக்கிறவனைப் பிடிக்கிறீங்களா? போர்ட் டிக்சன் கடல்ல நீந்தத் தெரியாம எறங்குறவனைப் பிடிக்கிறீங்களா? நான் செத்தா எனக்குத்தானே அண்ணே நஷ்டம்? உங்களுக்கு என்ன?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ செத்தா, நீயா போய் வீட்டுல சொல்லப்போற, கிராணியாரே? நான்தானே போகணும்."

அன்றைக்குத்தான் தன்னுடைய இன்னொரு வேலையைப்பற்றிச் சொன்னார். விபத்தில் யாராவது போய்விட்டால் வீட்டுக்குச் சேதி சொல்ல ஆள் அனுப்புவார்கள். சீனர் வீட்டுக்குச் சீனரை, மலாய்க்காரர் வீட்டுக்கு மலாய்க்காரரை. தமிழர் வீடு என்றால் இவர்.

"மொத தடவை எனக்கு ஒண்ணும் தெரியாது. தோட்டத்துல வேலைக்காரங்க குடியிருக்கிற லயம். வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். அந்தம்மா அப்படியே விழுந்துடுச்சு. உள்ள அடுப்புல எண்ணெய்ச் சட்டி. யாரும் பாக்கல. தீ பிடிச்சு அடுப்படியே போச்சு. புருசனும் போயி, இருக்கிற குசினியும் போச்சு. அதுலேருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல, ‘அடுப்பை அணைச்சிட்டு வாங்க’ன்னு சொல்லுவேன். அப்புறம்தான் மத்தது."

மோட்டார் சைக்கிளை அந்த வீட்டு வாசல்வரை ஓட்டிப்போகமாட்டாராம். தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவாராம். வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவந்துவிடும், பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, அதனால்.

இது தெரிந்துபோனதிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பயம். அவர் யூனிபாரத்தோடு நடந்து வருவதைப் பார்த்தால் ஜன்னலிலிருந்தே கத்துவார்கள். "அண்ணே, சும்மாதானே வர்றீங்க?" அவரும் தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, "சும்மாதாம்மா, சும்மாதான்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். சொந்த வீட்டுக்குப் போகிற மனிதர், தெரு முழுக்க ‘சும்மாதான்’ சொல்லிக்கொண்டு போகவேண்டியிருந்தது. எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. மண்டையில் மசாலா இல்லாத வயது.

கமலாவுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. எங்கள் வீட்டில்தான் செய்தோம். அவளுக்கு மூத்த சுமங்கலியாக நின்று முதல் வளையல் போட்டது சார்ஜனின் மனைவி. சார்ஜனுக்கு அன்றைக்கு டியூட்டி, வரமுடியவில்லை. வளையல் போட்ட கையோடு கமலாவைப் பிரசவத்துக்குக் கிள்ளானிலுள்ள அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். அத்தையும் மச்சானும் மற்றவர்களும் ஒரு வேனில். என் காரின் பின் சீட்டு முழுக்கத் தாம்பாளமும் வாழைத்தாரும் கலந்த சோற்றுப் பாத்திரங்களும். கமலா எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், கழுத்தில் மாலை, கன்னத்தில் சந்தனம். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

ஊரைத் தாண்டுவதற்குள் ரோட் பிளாக். சார்ஜன்தான்.

காதை உள்ளே நீட்டினார். எனக்கு ‘டக்’ இருந்தது, அவரைத் தூரத்தில் கண்டதுமே மாட்டிவிட்டேன். "தங்கச்சிக்குக் கேக்கலையே" என்றார்.

"ஒன்பது மாசம், சார்ஜன்."

"தெரியும். ஒன்பது மாசம்னா வயித்துக்குக் கீழ போடணும். இடுப்பெலும்பு மேல. அழுத்தாது."

முன்னால் நின்ற வேனிலிருந்து அத்தை இறங்கி வந்துவிட்டார். என் அத்தை நல்ல மனுஷி. ஆனால் அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. வளையல் போட்ட பெண்ணுக்குப் பிரசவம் ஆகிறவரை உடம்பில் கட்டு விழக்கூடாது. கூந்தலையே தளர்த்தித்தான் பின்னிவிடுவார், பாவாடை நாடாவை இறுக்கினால்கூடத் திட்டுவார். அப்படிப்பட்டவரிடம் போய் வயிற்றில் வார் போட்டுப் பூட்டு என்றால்?

"வயித்துப் புள்ளக்காரிக்குக் கட்டுப் போடச் சொல்றியே, நீ ஒரு வயித்துல பொறந்தவன்தானே? உன் பொண்டாட்டி கையாலதான்யா மொத வளையல் போட்டுக்கிட்டு வர்றா! நல்ல நாளும் அதுவுமா சம்மன் எழுதி அழவைக்கப் போறியா?"

கார்கள் ஹார்ன் அடித்தன. சார்ஜன் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து கமலாவின் கைகளைப் பார்த்தார். அவர் வீட்டிலிருந்து போன வளையல் அது, பச்சை. எந்த உத்தியோகஸ்தருக்கும் அசையாத மனிதர், ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"சரி. மெதுவா போ, தம்பி. மெதுவா."

அவ்வளவுதான். வேன் முன்னால் போய்விட்டது. நான் கிளம்பினேன்.

ஐயோ, அப்போது நான் எப்படி இருந்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். ஏதோ வழக்கில் ஜெயித்தவன் மாதிரி. ஒரு மைல் தூரம் போயிருப்போம். கமலா பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்து, "ஏங்க, அண்ணன் சொன்ன மாதிரி கீழ போட்டுக்கவா? அம்மாதான் முன்னால போயிட்டாங்களே" என்றாள்.

நான் சொன்னேன்: "சார்ஜனே விட்டுட்டாரு, நீ என்ன? அவரு விட்ட மொத ஆளு நீதான். பெருமையா உக்காரு."

அவள் சிரித்துக்கொண்டு பெல்ட்டை விட்டாள். அது சுருண்டு போய்த் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும், முன்னால் போன லோரி திடீரென்று நின்றது. நான் வேகமாகக்கூடப் போகவில்லை. பிரேக் போட்டேன், பற்றவில்லை. எனக்கு நெஞ்சில் குறுக்காக ஒரு கன்றிப்போன தழும்பும் நெற்றியில் நாலு தையலும். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் எழுதமாட்டேன். கார் முழுக்கக் கண்ணாடித் தூளும் வளையல் தூளும் ஒன்றாகக் கிடந்தன, பச்சையை வைத்துத்தான் வளையல் எது என்று தெரிந்தது.

வயர்லெஸ்ஸில் கார் நம்பரைக் கேட்டு சார்ஜன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். என்னை ஒரு பக்கம் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்தான் கமலாவோடு இருந்தார். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகிறவரை அவளுக்கு நினைவு இருந்ததாம். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அவளை முடியவில்லை.

கிள்ளான் வீட்டில் அத்தை எல்லாருக்கும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று மச்சான் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். தெருமுனையிலிருந்து சார்ஜன் நடந்து வந்தாராம். தொப்பி கையில். வாசலில் நின்று உள்ளே பார்த்து, "அம்மா, அடுப்பை அணைச்சிட்டு வாங்க" என்றாராம். இதை மச்சான்தான் பிறகு எனக்குச் சொன்னான்.

எடுக்கிற அன்றைக்கு அத்தை தெருவில் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினார். "ஊருக்கெல்லாம் எழுதுனியே பாவி, என் பொண்ணுக்கு மட்டும் எழுதாம விட்டியே! நான் பொம்பள, அறிவில்லாம கத்தினேன். நீ போலீசு இல்ல? ஏன்டா விட்டே?" அவர் தலை குனிந்து நின்றார், தலைமுடியில் மண். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் கட்டுப் போட்ட நெற்றியோடு பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் போட்டுக்கவா என்று கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றாவது எழுதலாம். பொய். திறக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் சாலாக் செலாத்தானுக்கு வீடு மாறிப் போனார்கள். அவர் மனைவி அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் போவதில்லையாம். கூப்பிட்டால், "என் கை வேணாம்மா" என்பாராம்.

பிள்ளையை அத்தைதான் வளர்த்தார். தேவி என்று பெயர். நான் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, சனிக்கிழமை தவறாமல் கிள்ளானுக்குப் போவேன். அத்தை எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்திருப்பார். சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் போலீஸ்காரன் விளங்குவானா மாப்ளே?" என்று ஆரம்பிப்பார். நான் சாப்பிட்டுக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன். பதினேழு வருஷம் ‘ம்’ கொட்டினேன். உண்மை தெரிந்தால் அந்தப் படியை மிதிக்க விடமாட்டார் என்று தெரியும். மகளைப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதரை ஒரு தட்டுச் சோற்றுக்கு விற்றேன். வேறு எப்படிச் சொல்வது?

தேவி கார் லைசென்ஸ் எடுத்த வாரம், "அப்பா, நீங்க ஒக்காருங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். ஏறினேன். அவள் பெல்ட்டை மாட்டினாள், டக். என் பக்கம் திரும்பினாள். அவள் அம்மாவின் கண் அப்படியே.

"நீங்களும் போடுங்கப்பா. அம்மாவை விட்டானே அந்தப் போலீஸ்காரன், அவன மாதிரி நான் விடமாட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் காலை சாலாக் செலாத்தானில் விசாரித்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி வந்து ஒரு காலில் கட்டு. என்னைப் பார்த்ததும், "வா கிராணியாரே" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கமலா பெல்ட்டை இழுத்ததை, நான் சொன்ன வார்த்தையை, அவள் சிரித்ததை.

"தெரியும்" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில தங்கச்சி சொல்லுச்சு. ‘அண்ணே, நான் போட்டுக்கவான்னு கேட்டேன், அவரு வேணாம்னாரு. அவரைத் திட்டாதீங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அம்மா அவரை வீட்டுக்குள்ள விடாது, புள்ளையைப் பாக்க விடாது’ன்னுச்சு. சரிம்மான்னேன்."

"பதினேழு வருசம் அண்ணே! மண்ணள்ளிப் போட்டப்பகூடவா?"

"சரின்னு சொல்லிட்டேனே, தம்பி." கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார். "அதுவும் இல்லாம, விட்டது நான்தானே. உன் அத்தை சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. மீதிப் பாதி அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

நான் அழுதேன். அந்த வயதில் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடிக்கிறவரை அவர் காத்திருந்தார். கடைசியில், "நீங்க ஒருதடவை வந்து அந்த வீட்டுல சொல்றீங்களா அண்ணே? நீங்க சொன்னா கேப்பாங்க" என்றேன். அப்போதும் எனக்குப் புத்தி அப்படித்தான் போயிற்று.

அவர் தலையை ஆட்டினார். "எத்தனையோ வீட்டுக்குப் போயிட்டேன். இந்த வீட்டுக்கு நீ போ."

நொண்டிக்கொண்டு கார்வரை வந்தார். நான் ஏறியதும் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்து காதை நீட்டினார். மாட்டினேன். கேட்டது. கையை எடுத்தார்.

கிள்ளானில் அந்தத் தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டேன். வாசல்வரை ஓட்டிப்போக முடியவில்லை. நடந்தேன். தேவி ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"என்னப்பா, நேத்துதானே வந்தீங்க? கார் எங்க? சும்மாதானே வந்தீங்க?"

உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை, அத்தை அவளுக்கு ஏதோ பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். "யாரு தேவி? மாப்ளையா? வரச்சொல்லு, சூடா இருக்கு" என்றார் அங்கிருந்தே.

நான் படியில் ஏறவில்லை. வாசலில் நின்றபடி சொன்னேன்.

"அத்தை, அடுப்பை அணைச்சிட்டு வாங்க."

அந்த வீட்டில் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையை அத்தை கேட்டிருக்கிறார். கரண்டிச் சத்தம் நின்றது.